நாளையும் வரும் கப்பல்: இந்தியக் கடல்வழிப் பயணிகள் போக்குவரத்தின் பொருளாதாரம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று கப்பல் புறப்பட்டபோது அறிவிக்கப்பட்டிருந்த கட்டணம் 7,670 ரூபாய். அதில் கப்பலுக்குச் சேர்வது 6,500. மீதி 1,170 ரூபாய் சரக்கு-சேவை வரி. தொடக்க நாளில் மட்டும் சலுகையாக 2,800 ரூபாய்க்குச் சீட்டுக் கொடுத்தார்கள். 150 பேர் போகக்கூடிய 'செரியாபாணி'யில் அன்று நாகையிலிருந்து ஏறியவர்கள் 50 பேர். நாள்தோறும் ஓடும் என்று சொல்லப்பட்ட கப்பல் சில நாட்களிலேயே வாரம் மூன்று நடையாகக் குறைந்தது. பயணிகள் போதவில்லை, வடகிழக்குப் பருவமழையும் நெருங்கியது என்று அக்டோபர் 20-ஆம் தேதியோடு நின்றும் போனது. நாற்பது ஆண்டு காத்திருந்து திறந்த கடல்வழி ஒரே வாரத்தில் மூடிக்கொண்டது.

அடுத்த ஆண்டு மே மாதம் என்று தேதி குறித்தார்கள். அது தள்ளிப்போனது. ஆகஸ்ட் 16-இல் தனியார் நிறுவனம் ஒன்றின் 'சிவகங்கை' ஓடத் தொடங்கியது. நவம்பரில் மழைக்காக அதுவும் நின்றது. 2025 பிப்ரவரி 22-இல் மீண்டும் கிளம்பியது. கட்டணம் முந்தையதைவிடக் குறைவு. அதற்குக் காரணம் உண்டு. காங்கேசன்துறையில் ஆகும் இயக்கச் செலவுக்காக மாதந்தோறும் இரண்டரைக் கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் கொடுக்க இந்திய அரசு முன்வந்தது. அந்தத் துறைமுகத்தைச் சீரமைக்க 6.15 கோடி அமெரிக்க டாலர் நன்கொடையும் அறிவித்திருக்கிறது. ஆகப் பணத்தைக் குறை சொல்ல வழியில்லை. யாழ்ப்பாணத்தில் தங்கை மகளின் கல்யாணத்துக்குப் போக நினைக்கும் வேதாரண்யத்துக்காரருக்கு மூன்று மாதம் முன்பே தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்தத் தேதியில் கப்பல் உண்டா, இல்லையா? அதற்கு உறுதியான பதில் கிடைக்காத வரை அவர் விமானச் சீட்டைத்தான் எடுப்பார்.

இந்தச் சொற்பொழிவின் வாதமும் இதுதான். இந்தியாவில் பயணிகள் கப்பலுக்குச் செலவாகும் பணம் கப்பல் வாங்கவும், இறங்குதுறை கட்டவும், தொடக்க விழாவுக்கும் போகிறது. குறித்த நாளில் குறித்த நேரத்தில் கப்பல் வரும் என்ற உறுதியை விலை கொடுத்து வாங்க ஆளில்லை. அந்த உறுதிக்கு யாராவது பொறுப்பேற்ற வழிகளெல்லாம் பிழைத்திருக்கின்றன. ஏற்காத வழிகள் படுத்துவிட்டன.

கப்பல் நடத்துவோரின் கணக்கு நடைக் கணக்கு. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் எண்ணெய் எரியும். மாலுமிகளின் சம்பளம், காப்பீடு, ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனை, துறைமுகக் கட்டணம், வங்கி வட்டி எதுவும் பயணிகளின் எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை. 6,500 ரூபாய் வீதம் 150 இருக்கையும் நிறைந்தால் ஒரு நடைக்கு 9,75,000 ரூபாய் கைக்கு வரும். 50 பேரே ஏறினால் 3,25,000. செலவு இரண்டு நாளும் ஏறக்குறைய ஒன்றேதான். வேகத்துக்கு வேறு தனி விலை உண்டு. ஒரு கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்க எஞ்சினுக்கு ஏறத்தாழ எட்டு மடங்கு வலிமை வேண்டும் என்பது கப்பல் கட்டுவோரின் பழைய விதி. நாகையிலிருந்து காங்கேசன்துறை சுமார் 110 கிலோமீட்டர். அதை நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் அதிவேகக் கப்பல்தான் வேண்டும். அதன் எண்ணெய்ச் செலவைத் தாங்க இருக்கை நிறைந்தாக வேண்டும்.

இருக்கையை நிறைக்கவிடாமல் எதிரே நிற்பது விமானம். யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் பறந்தது. 'சிவகங்கை' ஓடத் தொடங்கிய இரண்டே வாரத்தில், 2024 செப்டம்பர் 1 முதல், இண்டிகோவும் சென்னை–யாழ்ப்பாணம் வழியில் இறங்கியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் விமானம் வந்துவிட்டது. தஞ்சை, திருவாரூர் மாவட்டக்காரர்களைக் கப்பல் தன் பக்கம் இழுக்க வேண்டிய நேரத்தில் அவர்களுக்குப் பக்கத்து ஊரிலேயே விமானம். கப்பலுக்கு மிச்சமிருக்கும் பலம் மூட்டை முடிச்சு. விமானம் எடை பார்த்துக் காசு வாங்கும் இடத்தில் கப்பல் தாராளம் காட்ட முடியும். குடும்பத்தோடு போகிறவரும், சில்லறை வியாபாரம் செய்கிறவரும் அதற்காகவே வருவார்கள். இந்தப் பலத்தைக் கட்டணத் திட்டத்தின் மையத்தில் வைத்திருக்க வேண்டும்.

இதற்கு முன்பு தூத்துக்குடி–கொழும்பு வழியிலும் ஒரு முயற்சி நடந்தது. 2011 ஜூன் 13-இல் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற பெரிய கப்பல் புறப்பட்டது. ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம். இரவில் கிளம்பி விடிந்ததும் கொழும்பு. 1972-இல் கட்டப்பட்டு, அமெரிக்காவின் போர்ட்லாண்டுக்கும் கனடாவின் யார்மத்துக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிய கப்பல் அது. நவம்பரோடு அந்தச் சேவை முடிந்தது. கேட்பார் எண்ணிக்கை வளர இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகும் ஒரு வழியில், முதல் நாளிலிருந்தே ஆயிரம் இருக்கையை வாரம் இருமுறை நிறைக்க வேண்டிய நிலை. அவ்வளவு காலம் நட்டத்தைத் தாங்குவதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. சிறிய கப்பல் ஒரு வாரத்திலும் பெரிய கப்பல் ஐந்து மாதத்திலும் நின்றதைப் பார்த்தால், கப்பலின் அளவில் மட்டும் பிழை இல்லை என்பது தெரியும்.

தாங்கும் சக்தி என்ற பிரச்சினை தூத்துக்குடிக்குப் புதிதல்ல. 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரனார் பதிவுசெய்த சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மறு ஆண்டு 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. எதிரே நின்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறங்கியது. பிறகு அந்நியக் கம்பெனி பயணிகளை இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுக்க முன்வந்தது என்று அந்த வரலாற்றை எழுதியவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பள்ளிப் புத்தகங்கள் இதைத் தேசபக்தியின் கதையாகச் சொல்கின்றன, அது நியாயம். பொருளாதார மாணவருக்கு இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பல துறைமுகங்களில், பல வழிகளில், பல கப்பல் வைத்திருந்தவர் ஒரு வழியில் வருமானமே இல்லாமல் ஓட்டிக்கூட மற்றவற்றில் ஈடுகட்டிக்கொண்டார். இரண்டே கப்பலும் ஒரே வழியும் வைத்திருந்தவருக்கு அந்த வசதி இல்லை. 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

ஈடுகட்டும் ஏற்பாடு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே கடலில் போட் மெயில் என்ற ரயில்–கப்பல் இணைப்பு சாட்சி. 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் பாலம் திறந்ததும், சென்னை எழும்பூரிலிருந்து கொழும்புவரை ஒரே சீட்டில் பயணம் என்றானது. தனுஷ்கோடியில் ரயில் பாலத்துறைவரை போய் நிற்கும். பயணிகள் இறங்கிச் சில அடி நடந்து கப்பலில் ஏறினால், முப்பது கிலோமீட்டர் சொச்சம் கடலைக் கடந்து தலைமன்னார். அங்கே துறையிலேயே கொழும்பு ரயில் காத்திருக்கும். 'இர்வின்', 'கோஷன்' முதலிய கப்பல்கள் தென்னிந்திய ரயில்வேயினுடையவை. அதனால் கப்பல் தன் வருமானத்திலேயே தனியாகப் பிழைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிவரை ரயிலில் வந்தவரின் கட்டணமும் அதே பெட்டியில்தான் விழுந்தது. ரயில் தாமதமானால் கப்பல் காத்திருந்தது. இரண்டுக்கும் எஜமானர் ஒருவரே. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது; 1980-களில் இலங்கைப் போரோடு அதுவும் நின்றது.

நெடுந்தூரக் கப்பல்களின் கதை வேறு. 'ரஜுலா' 1926 முதல் 1970-களின் தொடக்கம்வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. பிறகு வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியது. நாற்பது பேரளவில் இறந்தார்கள். அதோடு சிங்கப்பூர் வழி முடிந்தது. தீ அதை விரைவுபடுத்தியது என்று மட்டுமே சொல்லலாம். நான்கு மணி நேர விமானம் வந்த பிறகு ஒரு வாரக் கப்பலுக்கு எங்குமே இடமில்லை. அந்த வழியை மீட்கப்போவதாக அவ்வப்போது யாராவது பேசுவது உணர்ச்சியால்தான், கணக்கால் அல்ல.

இன்று இந்தியக் கடலில் வழக்கமாகப் பயணிகளை ஏற்றும் வழிகளை நிலைத்தவை, வளர்பவை என்று பிரித்துப் பார்க்கலாம்.

நிலைத்தவை தீவு வழிகள். சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினத்திலிருந்து அந்தமானுக்கு, கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு. சென்னையிலிருந்து போர்ட் பிளேர், இப்போதைய ஸ்ரீ விஜயபுரம், 1,190 கிலோமீட்டர். இரண்டரை நாள் பயணம். மொத்தமாகப் படுக்கை போட்ட பங்க் வகுப்பில் தீவுவாசிகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அது செலவில் சிறு பகுதியைக்கூட ஈடுகட்டாது. மீதியை அரசு ஏற்கிறது. இதை நட்டம் என்று எழுதுவது கணக்குப் பிள்ளையின் வழக்கம். தீவில் வாழ்கிறவருக்கு அது சாலை. சாலையிடம் யாரும் லாபக் கணக்குக் கேட்பதில்லை.

லட்சத்தீவில் அந்தச் சாலை எப்படி இருக்கிறது என்பதைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்க வேண்டும். பத்துத் தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் 64,000 சொச்சம் பேர். விமானம் இறங்குவது அகத்தியில் மட்டும். பல தீவுகளில் பவளப்பாறைக்குள் பெரிய கப்பல் நுழைய முடியாது. அது வெளியே நிற்கும். தீவிலிருந்து சிறு படகு வரும். கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவு திறக்கும். கீழே படகு அலையோடு ஏறும், இறங்கும். அலை தூக்கும் கணம் பார்த்து மாலுமிகள் ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்து மாற்றிவிடுவார்கள். கைக்குழந்தையோடு வருபவர், கொச்சியில் அறுவை சிகிச்சை முடிந்து திரும்புபவர், மூட்டுவலிக்காரப் பாட்டி எல்லாருக்கும் அதே வழிதான். தென்மேற்குப் பருவமழையில் இதுவும் நடக்காது. இங்கே புதுக் கப்பலைவிட அவசரமானது எல்லாப் பருவத்திலும் கப்பல் அணையக்கூடிய துறை.

அந்தமான் வழியின் கவலை கப்பலின் வயது. 'நிகோபார்', 'நான்கௌரி' இரண்டும் போலந்தில் கட்டப்பட்டு 1990-களின் தொடக்கத்தில் வந்தவை. ஒவ்வொன்றும் 1,200 பேரை ஏற்றக்கூடியது. முப்பது வயது தாண்டிய கப்பல் பழுதுபார்ப்புக்குப் போனால் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. அந்த நாட்களில் அட்டவணை சிதறுகிறது. இதற்கிடையே போர்ட் பிளேரில் 2023 ஜூலையில் திறந்த புதிய விமான முனையம் ஆண்டுக்கு 50 லட்சம் பேரைக் கையாளக்கூடியது. கையில் காசுள்ளவர் முழுக்க விமானத்துக்குப் போய்விட, கப்பலில் மிஞ்சுவது கூலித் தொழிலாளிகளும் மாணவர்களும்தான். அவர்களின் குரல் டெல்லிவரை எட்டுவது கடினம். அடுத்த பத்தாண்டில் இந்த வழியைப் பயணிகள் குறைந்துவிட்டார்கள் என்ற பெயரில் சுருக்கிவிடக்கூடும் என்ற அச்சத்தை இங்கே பதிவுசெய்தாக வேண்டும்.

வளர்பவை குறுகிய வளைகுடா வழிகள். கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகளை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. விவேகானந்தர் பாறைக்கு வேறு வழியே இல்லை. போட்டி இருந்தும் பிழைத்த உதாரணம் வேண்டுமென்றால் குஜராத்துக்குப் போக வேண்டும். காம்பே வளைகுடாவின் ஒரு கரையில் பாவ்நகர் அருகே கோகா, எதிர்க்கரையில் சூரத் அருகே ஹசீரா. சாலையில் 370 கிலோமீட்டர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். கடலில் 90 கிலோமீட்டர், சுமார் நான்கு மணி நேரம். 2020 நவம்பரில் இங்கே ஓடத் தொடங்கிய 'வாயேஜ் சிம்பொனி'யின் அமைப்பைப் பார்த்தாலே வணிகம் புரியும். கீழ்த்தளத்தில் 30 லாரிகள், ஒவ்வொன்றும் 50 டன். மேலே 100 கார்கள். அதற்கும் மேலே 500 பயணிகள். லாரி நேராக உள்ளே ஓடிவந்து நிற்கும்; சக்கரங்களைச் சங்கிலியால் தளத்தோடு பிணைப்பார்கள்; ஓட்டுநர் மேலே போய்த் தூங்கலாம். லாரி உரிமையாளருக்கு டீசலும் டயரும் நேரமும் மிச்சம். அவர் வாரம் முழுக்க, திருவிழா இல்லாத நாளிலும் வருவார். பயணிகளின் கட்டணம் அதன்மேல் வரும் உபரி.

இந்த வழியும் முதல் முயற்சியில் வெற்றி பெறவில்லை. 2017 அக்டோபரில் கோகாவிலிருந்து தஹேஜுக்குத்தான் தொடங்கினார்கள். தஹேஜில் நர்மதை கொண்டுவந்து கொட்டும் வண்டல், எவ்வளவு தூர்வாரினாலும் துறையை அடைத்துக்கொண்டே இருந்தது. கப்பலுக்குத் தேவையான ஆழம் கிடைக்காமல் சேவை நின்றது. பிடிவாதம் பிடிக்காமல் ஆழமுள்ள ஹசீராவுக்கு இடம் மாற்றினார்கள். நாகைத் துறைமுகத்தின் கழிமுகத்தையும் அதில் சேரும் மணலையும் அறிந்தவர்கள் இந்த வரலாற்றை ஊன்றிப் படிக்க வேண்டும்.

மும்பையின் பாவுச்சா தக்காவிலிருந்து அலிபாக் பக்கமுள்ள மாண்டுவாவுக்கு 2020 மார்ச்சில் தொடங்கிய கார்-பயணிகள் கப்பலும் இதே இனம். கிரேக்கத்தில் கட்டி வாங்கிய கப்பல். ஒரு மணி நேரப் பயணம். மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து போகும் சிறு படகுகள் மழைக்காலத்தில் நின்றுவிடும். இந்தப் பெரிய கப்பல் ஓடுகிறது. அலிபாகில் வீடு வைத்திருப்பவர்களும் அங்கே கடை நடத்துகிறவர்களும் தங்கள் வாரத்தை இந்தக் கப்பலின் நேரத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள முடிவது அதனால்தான்.

சரக்கும் வாகனமும் காப்பாற்றும் என்று சொன்ன கையோடு அதன் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். 2014 ஏப்ரல் 16-இல் தென்கொரியாவில் கவிழ்ந்த 'செவோல்' கப்பலில் இருந்த 476 பேரில் 304 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். அனுமதித்த அளவைப்போல் இரண்டு மடங்குச் சரக்கு. சரியாகக் கட்டப்படாத வாகனங்கள். மேலே கூடுதலாகக் கட்டிய அறைகள். பயணிகள் கட்டணத்தில் கட்டுப்படியாகாததைச் சரக்கில் எடுக்கப் போனதன் விளைவு அது. இந்தியாவுக்கும் இந்தத் துயரம் தெரியும். 1947 ஜூலை 17-இல் மும்பையிலிருந்து ரேவாஸ் புறப்பட்ட 'ராம்தாஸ்' மூழ்கி அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 டிசம்பர் 18-இல் எலிபெண்டா படகின்மீது கடற்படையின் வேகப்படகு மோதி 15 பேர் இறந்த பிறகுதான், உயிர்காப்பு அங்கியை எல்லாரும் அணிய வேண்டும் என்பதில் அங்கே கண்டிப்பு வந்தது. எடை பார்க்கும் கருவியும், அதைப் படித்துக் கப்பலை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஆளும் துறையில் இல்லாமல் வாகனக் கப்பலுக்கு அனுமதி கொடுக்கக் கூடாது.

உல்லாசக் கப்பல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2024 செப்டம்பரில் அறிவித்த குரூஸ் பாரத் இயக்கம் 2029-க்குள் கடல் உல்லாசப் பயணிகளை 10 லட்சமாக உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. மும்பையில் புதிய முனையம் 2025 செப்டம்பரில் திறந்தது. சென்னையிலிருந்து 2022 முதல் 'எம்ப்ரெஸ்' போய்வந்தது. மறு ஆண்டு இலங்கைத் துறைகளுக்கும் போனது. இது விடுதித் தொழில். ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குப் போக வேண்டியவருக்கு இதனால் பயன் இல்லை. ஆனால் 'கடல் பயணிகள்' என்று ஒரே தலைப்பில் இரண்டையும் கூட்டிக் காட்டும்போது, உல்லாசத்தின் வளர்ச்சி தீவுக் கப்பலின் தேய்வை மறைத்துவிடுகிறது. புள்ளிவிவரத்தில் இரண்டையும் பிரிக்க வேண்டும்.

அரசு எதை வாங்க வேண்டும் என்பதற்குக் கிரேக்கம் நல்ல முன்மாதிரி. நூற்றுக்கு மேற்பட்ட தீவுகளில் மக்கள் வாழும் நாடு. 2002 நவம்பரில் உள்நாட்டுக் கடல்வழிகளைப் போட்டிக்குத் திறந்தார்கள். லாபமுள்ள வழிகளில் தனியார் தாமே ஓட்டுகிறார்கள். லாபமில்லாத சிறு தீவு வழிகளை அரசு ஏலத்தில் விடுகிறது: இத்தனை நடை, இந்தத் துறைகள், குளிர்காலத்திலும் தொடர வேண்டும், இதற்கு எவ்வளவு கேட்கிறீர்கள்? குறைவாகக் கேட்பவருக்கு ஒப்பந்தம். கப்பல் யாருடையது என்பது அரசின் கவலை இல்லை. நடை தவறினால் பணம் பிடிக்கப்படும். குறைகள் உண்டு. சில வழிகளுக்கு ஒருவரே ஏலம் கேட்பார். பழைய கப்பல்கள் வந்து சேரும். ஆனாலும் சிறு தீவில் இருக்கும் ஆசிரியருக்கு ஜனவரி மாதக் கப்பல் எந்தக் கிழமை என்று தெரியும்.

இந்தியாவில் 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை கப்பல் கட்டுமானத்துக்கும் கடல்சார் துறைக்கும் 69,725 கோடி ரூபாய்த் தொகுப்பை ஏற்றது. அதன் நோக்கம் கட்டுமானம். அது வேண்டியதுதான், அந்தமான் கப்பல்களுக்கு மாற்று இங்கேயே கட்டப்படலாம். நடையை விலைக்கு வாங்கும் ஒப்பந்தம் அதில் அடங்காது. அதற்கு ஆகும் தொகை இதனோடு ஒப்பிட மிகச் சிறியது. ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதத்துக்கு இத்தனை நடை, மழை மாதங்களில் எத்தனை நாள் விடுப்பு என்பது முன்கூட்டியே எழுத்தில், விடுப்பு மாதங்களுக்கும் மாலுமிச் சம்பளம், சீட்டுக்கு வரிவிலக்கு, பார்சலுக்குத் தனித் தளம். இவ்வளவும் இருந்தால், நடத்த வருபவருக்கு வங்கி கடன் கொடுக்கும். இன்று கொடுக்கத் தயங்குகிறது. ஒரு வாரத்தில் நின்றுபோகும் சேவையின் வருமானத்தை எந்த மேலாளர் ஈடாக ஏற்பார்?

ராமேஸ்வரம்–தலைமன்னார் வழியைப் பற்றிய பேச்சு அடிக்கடி எழுகிறது. தலைமன்னார் ரயில்பாதை இந்திய நிறுவனத்தால் புதுப்பிக்கப்பட்டு 2015 மார்ச்சில் திறந்தது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்தது. தூரம் குறைவு, மிதமான வேகத்தில், எண்ணெய்ச் செலவு அடங்கி ஓடும் கப்பலே போதும். இரு நாட்டு ரயில்வேக்களும் சீட்டையும் நேரத்தையும் ஒன்றாக இணைக்க ஒப்புக்கொண்டால், கப்பலின் நட்டத்தை இரு கரைகளின் ரயில் வருமானம் பகிர்ந்துகொள்ளும். அதற்கான பேச்சை வெளியுறவு அமைச்சகம் மட்டும் நடத்திப் பயனில்லை. ரயில்வே வாரியமும் அந்த மேசையில் உட்கார வேண்டும். கப்பலுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே அது நடக்க வேண்டும்.